விடுதலையின் முதல் நாளும் முதல் நாள் உறையும்: 1947–1950 காலத்து அஞ்சல் உறைகளின் சான்று மதிப்பும் சந்தை மதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அஞ்சல்தலைகளும் முதல் நாள் உறைகளும் பெரும்பாலும் சேகரிப்பாளரின் பொழுதுபோக்குப் பொருள்களாகவும் ஏலச் சந்தைக்குரிய பண்டங்களாகவுமே நோக்கப்படுகின்றன. வரலாற்றுச் சான்று என்னும் நிலையில் அவற்றின் தகுதி தனியே மதிப்பிடப்பட வேண்டியது. 1947 ஆகஸ்டு 15 முதல் 1950 ஜனவரி 26 வரையிலான காலத்தை முதன்மையாகக் கொண்டு, ஓர் அஞ்சல் உறையின் சந்தை மதிப்பும் சான்று மதிப்பும் எவ்வெவ்விடங்களில் ஒன்றுபடுகின்றன, எவ்வெவ்விடங்களில் வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அஞ்சல்தலையைவிட அதன்மேல் விழுந்த முத்திரையும், முத்திரையைத் தாங்கிய உறையுமே வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதவை என்பது இதன் முடிபாகும். ஓர் உறையில் காணத்தக்க நான்கு நாள்களைப் பிரித்தறியும் படிப்புமுறையொன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல்தலை, முதல் நாள் உறை, நீக்கல் முத்திரை, ஜெய் ஹிந்த், திருவிதாங்கூர் அஞ்சல், மேலச்சு, சான்று மதிப்பு.

1. முன்னுரை

1947 ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமை. இந்தியா விடுதலை பெற்ற அந்நாளில் நாட்டின் அஞ்சலகங்களில் விற்பனையான அஞ்சல்தலைகளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவமே இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை அவ்வாண்டு நவம்பர் 21 அன்றுதான் வெளிவந்தது. 3½ அணா மதிப்புடைய அதில் மூவண்ணக் கொடி இடம்பெற்றது. டிசம்பர் 15 அன்று அசோகரின் சிங்கத் தலைப்பகுதியைக் காட்டும் 1½ அணா அஞ்சல்தலையும், வானூர்தியைக் காட்டும் 12 அணா அஞ்சல்தலையும் வெளியாயின. இம்மூன்றிலும் '1947 ஆகஸ்டு 15' என்னும் நாளே அச்சிடப்பட்டுள்ளது.

கொடி அஞ்சல்தலையில் அச்சான நாளுக்கும் அது மக்கள் கைக்கு வந்த நாளுக்கும் இடையே 98 நாள்கள் உள்ளன. அச்சிடப்பட்ட நாளை வெளியீட்டு நாளாகக் கொண்டு, அக்கொடி அஞ்சல்தலை விடுதலை நாளிலேயே புழங்கியது என எழுதினால் பிழை நேரும். அப்பிழையை நீக்குவதற்கு அஞ்சல்தலையை உற்றுநோக்குவது மட்டும் போதாது. அது ஒட்டப்பட்ட உறையும், உறைமேல் விழுந்த முத்திரையும் வேண்டும். ஆனால் சேகரிப்பு வழக்கத்தில் நெடுங்காலமாக நிகழ்ந்துவந்தது இதற்கு மாறானது. உறையின் மூலையை வெட்டி, நீரில் ஊறவைத்து, அஞ்சல்தலையை மட்டும் பிரித்தெடுத்து ஏட்டில் ஒட்டுவதே பள்ளிப் பருவத்துச் சேகரிப்பாளர் கற்கும் முதற்பாடமாக இருந்தது. அவ்வாறு எறியப்பட்ட உறைகளோடு எறியப்பட்டவை எவை என்பதே இக்கட்டுரையின் வினா.

2. முதல் நாள் உறை: வழக்கத்தின் தோற்றம்

ஓர் அஞ்சல்தலை வெளியிடப்படும் நாளன்றே அது ஒட்டப்பட்டு, அந்நாளின் முத்திரை பெற்ற உறை 'முதல் நாள் உறை' எனப்படுகிறது. உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலையான இங்கிலாந்தின் 'பென்னி பிளாக்' 1840 மே 6 முதல் செல்லுபடியானது. அந்நாள் முத்திரை பெற்ற கடிதங்கள் இன்று அரும்பொருள்களாக மதிக்கப்படுகின்றன. எனினும் அவற்றை அனுப்பியோர் முதல் நாள் உறை ஒன்றை உருவாக்கும் எண்ணத்தோடு அனுப்பவில்லை. கடிதம் எழுதவேண்டியிருந்தது, எழுதினர்.

முதல் நாளுக்கென்றே உறையைத் திட்டமிட்டு அணியப்படுத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கின் நினைவு அஞ்சல்தலை வெளியானபோது, ஜார்ஜ் லின் என்பார் உறையின் இடப்பக்கத்தில் நினைவு வாசகத்தை அச்சிட்டு அஞ்சலிட்டார். அச்சிட்ட அணியோடு கூடிய முதல் நாள் உறைகளுக்கு இதுவே முன்னோடி எனச் சேகரிப்பாளர் கருதுவர். 1937இல் அமெரிக்க அஞ்சல் துறை 'வெளியீட்டின் முதல் நாள்' என்னும் வாசகத்தை முத்திரையிலேயே பொறிக்கத் தொடங்கியது. இதன்பின் முதல் நாள் உறை என்பது அஞ்சல் போக்குவரத்தின் துணைவிளைவு என்னும் நிலையிலிருந்து அஞ்சல் துறையே விற்பனை செய்யும் பொருள் என்னும் நிலைக்கு மாறியது.

இந்தியாவிலும் விடுதலைக்குப் பின்னர் அஞ்சல் துறை சிறப்பு உறை, சிறப்பு முத்திரை, தகவல் ஏடு ஆகிய மூன்றையும் ஒருங்கே வெளியிடுவது நிலைபெற்றது. இவ்வுறைகளிற் பல முகவரி எழுதப்படாமலேயே முத்திரை பெற்று, விற்பனை மேசையிலிருந்து நேரே சேகரிப்பாளரின் ஏட்டுக்குச் செல்கின்றன. அவை எந்த அஞ்சல் பையிலும் பயணம் செய்வதில்லை. ஆகவே 'முதல் நாள் உறை' என்னும் ஒரே பெயரின்கீழ் இருவேறு வகையான ஆவணங்கள் அடங்குகின்றன என்பது தெளிவாகிறது. ஒன்று, அஞ்சல் அமைப்பின் வழியே சென்று சேர்ந்த உறை. மற்றொன்று, அஞ்சல் அமைப்பு தன்னைப்பற்றி வெளியிட்ட அறிவிப்பு. முன்னது புழக்கத்தின் சான்று. பின்னது அரசு எவற்றை நினைவுகூர விரும்பியது என்பதன் சான்று. இரண்டும் பயனுடையவை. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதே பிழை.

3. முத்திரை மட்டுமே இருந்த நாள்

அஞ்சல்தலை அச்சிடுவதற்குத் திட்டமிடல், ஓவியம், அச்சுத் தகடு, தாள், வழங்கல் எனப் பல படிகள் தேவை. ஓர் இரும்பு முத்திரை செய்வதற்கு அத்துணைக் காலம் வேண்டுவதில்லை. 1947 ஆகஸ்டு 15 அன்று 'ஜெய் ஹிந்த்' என்னும் வாசகம் கொண்ட நீக்கல் முத்திரை பயன்பாட்டுக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு முத்திரையாக இது கருதப்படுகிறது. அவ்வுறைகளில் ஒட்டியிருப்பது பிரித்தானிய மன்னரின் உருவம். அதன்மேல் விழுந்திருப்பது நேதாஜியின் படையால் நாடறிந்த முழக்கம்.

இக்காட்சியின் பொருள் ஆழமானது. நீக்கல் முத்திரையின் வேலை, ஒட்டப்பட்ட அஞ்சல்தலையை மீண்டும் பயன்படுத்த இயலாதவாறு செய்வதாகும். அலுவலக நடைமுறையான அச்செயல் அன்று அரசியற் பொருளும் பெற்றது. எனினும் மன்னரின் ஆட்சி முற்றாக நீங்கிவிட்டது என அதனைக்கொண்டு முடிவுகட்டுவதும் பொருந்தாது. 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியன் தகுதியிலேயே இருந்தது. ஆறாம் ஜார்ஜே அதன் அரசராகவும் இருந்தார். மன்னர் உருவ அஞ்சல்தலைகள் விடுதலைக்குப் பின்னும் விற்பனையில் நீடித்தன. அன்றாடப் பயன்பாட்டுக்கான புதிய வரிசை, விடுதலை பெற்று இரண்டாண்டுகள் கழித்து, 1949 ஆகஸ்டு 15 அன்றே வந்தது. தொல்லியல் வரிசை எனப்படும் அவ்வரிசையில் 3 பை முதல் 15 ரூபாய் வரை 16 அஞ்சல்தலைகள் இருந்தன. பழைய நாணய வழக்கில் 12 பை ஓர் அணாவாகும். அவ்வரிசையின் 2 அணா அஞ்சல்தலையில் நடராசர் திருவுருவம் இடம்பெற்றது.

ஆட்சி மாற்றம் ஒரே நள்ளிரவில் நிகழ்ந்ததாக அரசியல் வரலாறு எழுதப்படுகிறது. அன்றாடக் கடிதத்தின் முகப்பில் அம்மாற்றம் இரண்டாண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாக நிகழ்ந்தது. முதலில் முத்திரை மாறியது. அடுத்து நினைவு அஞ்சல்தலைகள் வந்தன. அதன்பின் அன்றாட அஞ்சல்தலைகள் வந்தன. இறுதியில் 1950 ஜனவரி 26 அன்று குடியரசு தோன்றியதைக் குறிக்கும் நான்கு அஞ்சல்தலைகள் வெளியாயின. இவ்வரிசைமுறையைத் தனித்த அஞ்சல்தலைகளைக்கொண்டு மீட்டெடுக்க இயலாது. நாள் தெரியும் முத்திரையோடு கூடிய உறைகளாலேயே இயலும்.

4. நாடு எதுவென உரைக்கும் முத்திரை

பாகிஸ்தான் தனக்கெனப் 'பாகிஸ்தான்' என மேலச்சிட்ட இந்திய அஞ்சல்தலைகளை 1947 அக்டோபர் 1 முதல் வெளியிட்டது. எனவே ஆகஸ்டு நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரை ஏறத்தாழ ஆறு வாரங்கள் இரு நாடுகளிலும் ஒரே அஞ்சல்தலை புழங்கியது. அக்காலத்து ஆறாம் ஜார்ஜ் அஞ்சல்தலை ஒன்றைத் தனியே எடுத்து வைத்தால், அது இந்தியாவில் பயன்பட்டதா பாகிஸ்தானில் பயன்பட்டதா எனச் சொல்ல இயலாது. அதே அஞ்சல்தலை உறைமேல், லாகூர் என்றோ அமிர்தசரஸ் என்றோ ஊர்ப்பெயர் தெளிவாகத் தெரியும் முத்திரையோடு இருந்தால் விடை உடனே கிடைக்கும். பிரிவினைக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்த வாரங்கள் அவை. அவ்வாரங்களில் அனுப்பப்பட்ட ஒரு கடிதம் எங்கிருந்து புறப்பட்டது, எங்குச் சேர்ந்தது, வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பப்பட்டதா, பெறுவாரின்றி மீண்டதா என்பனவெல்லாம் உறையின் முன்னும் பின்னும் விழுந்த குறிகளிலேயே உள்ளன.

பாகிஸ்தானின் முதல் நினைவு அஞ்சல்தலைகள் 1948 ஜூலை 9 அன்று வெளியாயின. அவற்றில் '1947 ஆகஸ்டு 15' என்னும் நாள் காணப்படுகிறது. பின்னாளில் அந்நாடு ஆகஸ்டு 14ஐ விடுதலை நாளாகக் கொண்டாடி வருவது அறியப்பட்டதே. ஓர் அரசு தன் பிறந்த நாளை எவ்வாறு எண்ணத் தொடங்கியது, பின்னர் எவ்வாறு மாற்றிக்கொண்டது என்பதற்கு இச்சிறு தாள் சான்றாகிறது. இங்கு அஞ்சல்தலையின் அச்சு வாசகமே பேசுகிறது. முன்னைய எடுத்துக்காட்டில் முத்திரை பேசியது. எந்த வினாவுக்கு எந்தப் பகுதி விடை தரும் என அறிந்து கேட்பதே ஆய்வாளரின் கடனாகும்.

5. தமிழ் நிலத்தில் மூன்று அமைப்புகள்

1947 ஆகஸ்டில் தமிழர் வாழ்ந்த நிலப்பகுதிகள் அனைத்தும் ஒரே அஞ்சல் அமைப்பின்கீழ் இல்லை. சென்னை மாகாணத்தில் இந்தியத் தபால் துறை இயங்கியது. நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, செங்கோட்டை ஆகிய ஊர்கள் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சிந்திய அஞ்சல்தலைகள் புழங்கின.

திருவிதாங்கூர் அரசின் கடிதப் போக்குவரத்து அமைப்பு 'அஞ்சல்' எனப்பட்டது. இன்று தமிழில் பொதுச்சொல்லாக வழங்கும் அச்சொல் அங்கு ஓர் அரசு நிறுவனத்தின் பெயராக இருந்தது. சங்குச் சின்னம் கொண்ட அதன் முதல் அஞ்சல்தலைகள் 1888 அக்டோபர் 16 அன்று வெளிவந்தன. அவற்றின் மதிப்பு சக்கரம், காசு ஆகிய நாணயங்களிற் குறிக்கப்பட்டது. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். 1947 ஜூலை இறுதியில் திருவிதாங்கூர் மன்னர் இந்திய ஒன்றியத்தில் இணைய இசைந்தார். ஆனால் அஞ்சல் அமைப்பு உடனே மறையவில்லை. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அதன்பின் திருவிதாங்கூர் அஞ்சல்தலைகள்மேல் இந்திய நாணய மதிப்பு மேலச்சிடப்பட்டது. ஒரு சக்கரம் அரை அணாவாயிற்று. இரண்டு சக்கரம் ஓர் அணாவாயிற்று. 28 சக்கரம் ஒரு ரூபாய் எனும் கணக்கில் ஒரு சக்கரத்தின் மதிப்பு அரை அணாவினும் சற்று மிகுதி. மேலச்சு அந்த மிகுதியை விட்டுவிட்டு இந்தியக் கட்டண முறைக்கு இயைந்த முழு எண்ணை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 1 அன்று இவ்வமைப்பு இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. புதுச்சேரிப் பகுதிகள் 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின்கீழ் வந்தன.

மேலச்சிட்ட இவ்வஞ்சல்தலைகளைச் சந்தை எவ்வாறு மதிப்பிடுகிறது என்பது கருதத்தக்கது. தலைகீழாக விழுந்த மேலச்சு, இருமுறை விழுந்த மேலச்சு, எழுத்துப் பிழை ஆகியவற்றுக்கே மிகுந்த விலை கிடைக்கிறது. பிழையற்ற மேலச்சுடன் நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குச் சென்ற ஓர் எளிய உறை அத்துணை விலை பெறுவதில்லை. ஆனால் வரலாற்றாய்வாளருக்கு அவ்வுறை இன்றியமையாதது. இணைப்பு உடன்பாட்டில் ஒப்பமிட்டபின் ஓர் அரசின் அன்றாட நிருவாகம் எத்துணைக் காலம் தன்னியல்பில் தொடர்ந்தது, நாணய மாற்றம் ஊர்ப்புறக் கடிதத்தை எப்போது எட்டியது என்னும் வினாக்களுக்கு அவ்வுறையின் முத்திரை நாளே விடை தரும். அச்சுப் பிழை அச்சகத்தில் ஒரு நாள் நேர்ந்த தவறைக் காட்டுகிறது. எளிய உறை மக்களின் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டுகிறது.

6. காந்தி வரிசை: விலை உச்சமும் அதன் காரணமும்

விடுதலையின் முதலாண்டு நிறைவான 1948 ஆகஸ்டு 15 அன்று காந்தியடிகளின் நினைவாக 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய் ஆகிய நான்கு அஞ்சல்தலைகள் வெளியாயின. தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் 'பாபு' என்னும் சொல் அவற்றில் இடம்பெற்றது. இந்திய அஞ்சல்தலைகள் 1920களின் நடுப்பகுதியிலிருந்து நாசிக் அச்சகத்தில் அச்சாகி வந்தன. ஆயினும் சுதேசியத்தை வாழ்வாகக் கொண்டவரின் நினைவு அஞ்சல்தலைகள் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே நிறுவனத்தில் அச்சிடப்பட்டன. 2011இல் புதுதில்லியில் நடைபெற்ற உலக அஞ்சல்தலைக் கண்காட்சியின்போது கதர்த் துணியில் அச்சிட்ட காந்தி அஞ்சல்தலை வெளியிடப்பட்டதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

இந்நான்கையும் ஒருங்கே ஒட்டி முதல் நாள் முத்திரை பெறுவதற்கு 11 ரூபாய் 1 அணா தேவைப்பட்டது. முதல் மூன்றுக்கு மட்டும் 1 ரூபாய் 1 அணா போதுமானது. அக்காலத்தில் 10 ரூபாய் என்பது எளிய சேகரிப்பாளரால் ஓர் உறைமேல் ஒட்டிவிடத்தக்க தொகையன்று. ஆகவே நான்கும் ஒட்டிய முதல் நாள் உறையின் அருமைக்கு அதன் முகமதிப்பே முதற்காரணம் எனக் கொள்ளலாம்.

இதனினும் அரியது, அலுவல் பயன்பாட்டுக்கென 'சர்வீஸ்' எனும் ஆங்கிலச் சொல் மேலச்சிடப்பட்ட 10 ரூபாய் அஞ்சல்தலையாகும். கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்காக மிகக் குறைந்த எண்ணிக்கையில் அது வழங்கப்பட்டது. 1948 ஜூன் முதல் அப்பதவியை வகித்தவர் இராஜாஜி. இவ்வகை அஞ்சல்தலைகள் நான்கு இணைந்த ஒரு வரிசை 2017இல் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் வழி 5,00,000 பவுண்டுக்கு விற்பனையானது. இந்திய அஞ்சல்தலைகளுக்குக் கிடைத்த உச்ச விலையாக அது அப்போது அறிவிக்கப்பட்டது.

இவ்விலை எதனை அளக்கிறது? எஞ்சியிருக்கும் படிகளின் எண்ணிக்கையையும், அவற்றை அடைய விரும்புவோரின் போட்டியையும் அது அளக்கிறது. காந்தியடிகளைப் பற்றியோ, கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்தைப் பற்றியோ அவ்வஞ்சல்தலைகள் தரும் செய்தியின் அளவை அது அளப்பதில்லை. அத்தகைய அஞ்சல்தலை ஒட்டிய ஓர் உறை, பெறுநர் முகவரியோடும் நாள் முத்திரையோடும் கிடைக்குமாயின், அது விலையாலும் சான்றாலும் ஒருங்கே உயர்ந்ததாகும். இரு மதிப்புகளும் ஒன்றுபடும் அரிய இடம் அதுவே.

7. உறையில் காணும் நான்கு நாள்கள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு படிப்புமுறை உருவாகிறது. எந்த அஞ்சல் உறையைச் சான்றாகக் கொள்வதாயினும் அதிற் புதைந்துள்ள நான்கு நாள்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நினைவுகூரப்படும் நாள். அஞ்சல்தலையின் அச்சிலோ கருப்பொருளிலோ இது அமைந்திருக்கும். இரண்டாவது, வெளியீட்டு நாள். அஞ்சல் துறை அறிவிக்கைகளாலும் தகவல் ஏடுகளாலும் இதனை உறுதிசெய்யலாம். மூன்றாவது, பயன்பாட்டு நாள். புறப்பட்ட அலுவலகத்தின் முத்திரை இதனைக் காட்டும். நான்காவது, சென்றடைந்த நாள். பெரும்பாலும் உறையின் பின்புறத்தில் விழும் வரவு முத்திரை இதனைக் காட்டும். முகவரியின்றி விற்பனையான முதல் நாள் உறையில் இந்நான்காவது நாள் இருப்பதில்லை. அது இல்லாமையே அவ்வுறையின் தன்மையைக் காட்டும் குறியாகிறது.

தமிழாய்வில் பயிலும் சில எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம். இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டு அஞ்சல்தலை, சென்னையில் மாநாடு தொடங்கிய 1968 ஜனவரி 3 அன்றே வெளியானது. இங்கு முதலிரு நாள்களும் ஒன்றாக உள்ளன. அறிஞர் அண்ணாவின் அஞ்சல்தலை, அவர் மறைந்த முதலாண்டு நிறைவான 1970 பிப்ரவரி 3 அன்று வந்தது. பாரதியாரின் அஞ்சல்தலையோ அவர் மறைந்து 39 ஆண்டுகள் கழித்து, 1960 செப்டம்பர் 11 அன்று வந்தது. வ.உ.சி.யின் அஞ்சல்தலை அவருடைய பிறந்த நூற்றாண்டு நாளான 1972 செப்டம்பர் 5 அன்று வெளிவந்தது. வ.உ.சி. முதல் நாள் உறையை 1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடி வரலாற்றுக்குச் சான்றாகக் காட்ட இயலாது. 1972இல் இந்திய அரசு அவரை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதற்கே அது சான்று. அண்ணாவுக்கு ஓராண்டிலும் பாரதியாருக்கு 39 ஆண்டுகளிலும் அந்நினைவு வாய்த்தது ஏன் என்பது தனித்து ஆராயத்தக்க அரசியல் வரலாற்று வினாவாகும். அவ்வினாவை எழுப்பும் தகுதி முதல் நாள் உறைக்கு உண்டு. அதற்குரிய விடையை வேறு ஆவணங்களிலேயே தேட வேண்டும்.

கிழமையைக் கணக்கிடுவதும் இப்படிப்புமுறையின் ஒரு பகுதியாகும். காந்தி வரிசை வெளியான 1948 ஆகஸ்டு 15 ஞாயிற்றுக்கிழமையாகும். அன்றைய முத்திரையோடு ஓர் உறை கிடைத்தால், குறிப்பிட்ட அந்த அலுவலகம் அன்று இயங்கியதா என்பதை அலுவலகச் சுற்றறிக்கைகளோடு ஒப்பிட்டறிய வேண்டும். ஒட்டப்பட்ட அஞ்சல்தலைகளின் கூட்டுத்தொகை அக்காலக் கட்டணத்தோடு பொருந்துகிறதா என்பதும் நோக்கத்தக்கது. தேவைக்கு மிகுதியாக ஒட்டப்பட்டிருந்தால் அது சேகரிப்பு நோக்கில் உருவானது எனக் கருத இடமுண்டு. கட்டணத்தோடு சரியாகப் பொருந்தினால் இயல்பான கடிதமாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

8. மதிப்பிடலும் போலிகளும்

சந்தையில் ஓர் அஞ்சல்தலையின் விலையை அருமை, நிலைமை, வேட்கை ஆகிய மூன்றும் உறுதிசெய்கின்றன. பின்புறப் பசை கெடாதிருத்தல், ஓரத் துளைகள் முழுமையாக இருத்தல், நிறம் மங்காதிருத்தல், வடிவம் நடுவில் அமைந்திருத்தல் ஆகியன நிலைமையில் அடங்கும். விலைப்பட்டியல்களில் காணும் தொகை, பட்டியலிடும் வணிகர் நன்னிலையிலுள்ள பொருளை விற்கும் விலையே. அதனை வைத்திருப்பவருக்கு விற்கும்போது கிடைக்கும் தொகை பெரும்பாலும் அதனினும் குறைவு. விடுதலைக்குப் பிற்பட்ட முதல் நாள் உறைகளிற் பல பெருந்தொகையாக வெளியிடப்பட்டமையால் வெளியீட்டு விலையை ஒட்டியே நிற்கின்றன. பழமை ஒன்றே விலையைத் தருவதில்லை.

விலை உயர்ந்த இடத்திற் போலியும் தோன்றும். காந்தி 10 ரூபாய் அஞ்சல்தலைக்குப் போலிகள் உள்ளன. அச்சுமுறை, தாள், துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை உறுதியான படியோடு ஒப்பிட்டே அவற்றை வேறுபடுத்த இயலும். உறைகளைப் பொறுத்தவரை, உண்மையான பழைய உறைமேல் பொய்யான முத்திரையை இடுதலும், மலிவான அஞ்சல்தலையை நீக்கி அரியதொன்றை ஒட்டுதலும் அறியப்பட்ட முறைகள். முத்திரையின் வட்டம் அஞ்சல்தலையிலும் உறையிலும் தொடர்ச்சியாக விழுந்துள்ளதா என்பது முதற்சோதனை. எழுதிய மையின் இயல்பு, வரவு முத்திரையின் நாள், வழித்தடத்தின் பொருத்தம் ஆகியன அடுத்த சோதனைகள். இவை சேகரிப்பாளர் உலகில் வளர்ந்த நுட்பங்கள். கல்வெட்டிலும் சுவடியிலும் மெய்ம்மை காண வகுக்கப்பட்ட சோதனைகளோடு இவற்றுக்கு நெருங்கிய உறவு உண்டு. கல்விப்புல வரலாற்றாய்வு இவற்றைக் கற்றுக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

தமிழிலக்கிய வரலாற்றுக்கு இதனால் விளையும் பயன் நேரடியானது. எழுத்தாளர்களின் கடிதங்களைத் திரட்டுவோர் தேதியிடப்படாத கடிதங்களை எதிர்கொள்வது இயல்பு. உறை உடனிருப்பின் முத்திரையே நாளையும் ஊரையும் தந்துவிடும். அஞ்சலட்டையில் அஞ்சல்தலை, முகவரி, செய்தி, முத்திரை ஆகிய நான்கும் ஒரே தாளில் நிற்கின்றன. இந்தியாவில் 1879 ஜூலை 1 முதல் கால் அணாவுக்கு விற்கப்பட்ட அஞ்சலட்டை, பிரிக்க இயலாத ஆவணமாகத் தப்பிப் பிழைத்ததற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனலாம். உறையிலிட்ட கடிதமோ மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. கடிதம் இலக்கிய ஆய்வாளரிடமும், அஞ்சல்தலை சேகரிப்பாளரிடமும் சேர, உறை குப்பையிற் சேர்கிறது. கடிதத்தின் நாளை ஆய்வாளரும், அஞ்சல்தலை பயன்பட்ட இடத்தைச் சேகரிப்பாளரும் இழக்கின்றனர்.

9. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு. விடுதலையின் முதல் நாளுக்கு உரிய அஞ்சல்தலை அந்நாளில் இல்லை, முத்திரையே இருந்தது. 1947 ஆகஸ்டு நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரையிலான ஆறு வாரங்களில் ஓர் அஞ்சல்தலை எந்நாட்டில் பயன்பட்டது என்பதை முத்திரையே உரைக்கும். தென்கோடித் தமிழ் நிலத்தில் அரசியல் இணைப்புக்கும் அஞ்சல் இணைப்புக்கும் இடையே ஏறத்தாழ நான்காண்டுகள் கழிந்தன என்பதை நாள் தெரியும் உறைகள் மெய்ப்பிக்க வல்லன. முகவரியின்றி வெளியிடப்படும் முதல் நாள் உறை, நினைவுகூரும் அரசின் சான்றே அன்றிப் புழக்கத்தின் சான்று அன்று. சந்தை விலை அருமையை அளக்கிறது; சான்று மதிப்பு தொடர்புகளை அளக்கிறது. நீரில் ஊறவைத்துப் பிரிக்கப்படும்போது அத்தொடர்புகள் அறுகின்றன.

ஆகவே நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கடிதத் தொகுதிகளைப் பெறும்போது உறைகளையும் கடிதங்களோடு இணைத்தே பாதுகாத்தல் வேண்டும். பட்டியலிடும்போது அனுப்பிய ஊர், சேர்ந்த ஊர், இரு முத்திரைகளின் நாள், அஞ்சல்தலைகளின் மதிப்பு, உறையின் பின்புறக் குறிகள் ஆகியவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். உறையின் இருபுறத்தையும் மின்படியாக்குதல் நன்று. பெருஞ்செலவு கோராத இச்செயல்கள் இப்போதே செய்யத்தக்கவை. 1947இல் கடிதம் எழுதியோரின் இல்லங்களில் எஞ்சியுள்ள உறைகள், அவற்றை அடையாளம் காட்டவல்ல முதியோருடன் ஒருங்கே மறைந்துவருகின்றன. பத்தாயம் ஒன்றில் கிடக்கும் ஓர் எளிய உறைக்கு ஏலத்தில் விலை கிடைக்காமற் போகலாம். ஆனால் அதன்மேல் விழுந்த ஊர்ப்பெயரும் நாளும் வேறெந்த ஆவணத்திலும் கிடைக்காதனவாக இருக்கக்கூடும்.